ரோஷ்னியும் பூமாரியும்

— அத எதுக்குளா டப்பாக்குள்ள வச்சு இந்த அமுக்கு அமுக்குத? ஒயரு ஒடிஞ்சிரப் போவுது.

— ஒடிஞ்சா ஒடியட்டும். வாங்கிட்டு வந்த உங்க சிநேகிதரே கொண்டு போயி குர்லாவுல அந்தக் கடைக்காரன்கிட்ட குடுக்கட்டும். ஹனீப் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு. ஏழு மணிக்கு வாராக.

— அவன வரச் சொல்லிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?

— இந்தப் பெட்டிய வீட்டுக்குள்ள விடும்போது நீங்க எங்கிட்ட கேட்டியளா? ஏழு நாளைக்குள்ள பிடிக்கலன்னா திருப்பித் தரலாமாம், டப்பாவுலயே போட்டிருக்காம். இன்னைக்கு ஏழாம் நாளு.

— பிடிக்கலன்னு நான் சொன்னேனா?

— நான் சொல்லுதேன். நமக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்? தாராவியில பத்துக்குப் பன்னெண்டு கோலி, ஒரே ரூமு. அதுல ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. அதுக்குச் சொன்ன பேச்சக் கேக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஒயரு, பக்கத்து வீட்டு ஏஞ்சலக்கா மவன்கிட்ட இரவல் வைஃபை. சுவிட்சு என்ன சொர்க்கத்துலயா இருக்கு? எட்டுத தூரத்துலதான இருக்கு?

— எட்டுத தூரம் உனக்குளா. எனக்கு அது திருநெல்வேலி தூரம்.

— அதுக்குத்தான் நான் இருக்கேன்லா? ஆறு வருசமா லைட்ட யாரு போட்டா? யாரு அமத்துனா?

— நீதான். இல்லங்கல.

— சந்துல தல காட்ட முடியல. ஏஞ்சலக்கா கேக்கா, "என்ன பூமாரி, உன் வீட்டுக்காரத் தம்பி கட்டில்ல படுத்துக்கிட்டே லைட்டுக்கு ஆர்டர் போடுதாமே, இனி சோத்தையும் பெட்டியே ஊட்டிவிட்டுருமோ"ன்னு. பைப்படியில அத்தன பேரும் சிரிக்காளுவ. சோம்பேறிச் சாமானாம்.

— சிரிக்கட்டும். நானும் சிரிச்சவந்தான். பட்டறை விட்டு நானும் ஹனீப்பும் வரும்போது குர்லா ஸ்டேசனுக்கு வெளிய ஒரு கடையில டிவியில காமிப்பான். ஒருத்தன் சோபாவுல கால நீட்டிக்கிட்டு, லைட்டே அணைஞ்சுருன்னுவான். அணைஞ்சுரும். "கை கால் வெளங்காத பய, எந்திச்சு அமத்துனா என்ன கேடு"ன்னு நாந்தான் சொன்னேன். ஊரு கேக்கச் சொன்னேன்.

— அதச் சொல்லாதிய.

— சொன்னது நாந்தானளா. அடுத்த வருசமே சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவுல ரயிலு வாசல்ல தொங்கிக்கிட்டுப் போயி, கம்பத்துல அடிபட்டு விழுந்தேன். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லாமப் போச்சு. இப்பம் சுவிட்சு போடச் சோம்பப்படுதவனப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. சோம்பேறியா இருக்கதுக்கும் கை வேணும்லா.

— கண்ணு கலங்குது. இருங்க, தொடைக்கேன்.

— வேண்டாம். அதுவே காயும்.

— இதான் உங்க புத்தி. வேணுங்கதுக்கு வேண்டாம்பிய. சரி, நான் ஒண்ணு கேக்கேன். அவ பேரு என்ன?

— எவ பேரு?

— இந்தப் பெட்டிக்குள்ள ஒருத்தி இருக்காளே, அவ.

— ரோஷ்னி. கம்பெனிக்காரன் வச்ச பேரு. அந்தப் பேரச் சொன்னாத்தான் காது குடுக்கும்.

— லைட்டுக்கு "ரோஷ்னி, பத்தி சாலு கரோ", ஃபேனுக்கு "ரோஷ்னி, பங்கா தோடா தீரே கரோ." என்னா இந்தி! என்னா கொழைவு! எங்கிட்ட மட்டும் "ஏளா, ஃபேன வையி".

— அதுக்கு நம்ம தமிழு வெளங்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய? மொத நாளு "ஏட்டி, லைட்டப் போடு"ன்னேன். மாஃப் கீஜியேன்னு மன்னிப்புக் கேட்டுட்டு எதோ பஜனையப் பாட ஆரம்பிச்சுட்டு.

— சிரிப்புக் காட்டாதிய. நான் கோவமா இருக்கேன். கல்யாணம் ஆயி இருவத்திரெண்டு வருசம். ஏளா, ஏ பிள்ள, இஞ்ச பாரு. இந்த வீட்டுக்குள்ள எனக்குன்னு ஒரு பேரு இருக்கதே ரேசன் கார்டப் பாத்தாத்தான் ஞாபகம் வரும். நேத்து வந்த பெட்டிய நாளைக்கு நாப்பது தடவ பேரு சொல்லிக் கூப்பிடுதிய.

— நம்மாளுகள்ல எவம்ளா பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்பிடுதான்? எங்கய்யா கூப்பிட்டாரா, உங்கய்யா கூப்பிட்டாரா? நீ மட்டும் எம் பேரச் சொல்லிட்டியோ? ஆசுபத்திரியில நர்ஸு பேஷண்ட் பேரு என்னன்னு கேட்டதுக்கு, அவரு சொல்லுவாருன்னு நீ ஹனீப்பக் கையக் காமிச்சியாம். அவ ஹனீப்னே எழுதிட்டா. ரெண்டு நாளு நான் முகம்மது ஹனீப்பாத்தான் கெடந்தேன்.

— நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாம்லா.

— ஒருக்கச் சொன்னேன். மறந்துட்டியா?

— எப்பம்?

— தாதர் ஸ்டேசன்ல. ஊர்லருந்து உன்னக் கூட்டிட்டு வந்து எறங்குன அன்னைக்கு. கூட்டத்துல உன் கை நழுவிட்டு. ஏளான்னு கூப்பிட்டா அந்த பிளாட்பாரத்துல பத்துப் பொம்பளைய திரும்பிப் பாப்பாளுவ. அதனால பூமாரி, பூமாரின்னு மூணு தடவ தொண்ட கிழியக் கத்துனேன். நீ பச்சச் சேலையில, தலையில வாடிப்போன பிச்சிப்பூவோட, செவிடு மாதிரி அந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டு நிக்க. கடைசியில ஓடி வந்து கையப் புடிச்சேன்.

— கூட்டம். ஒரே எரைச்சல். எனக்குக் கேக்கல.

— அதாம். அத்தோட விட்டுட்டேன்.

— உள்ளதச் சொல்லட்டுமா? ஏஞ்சலக்கா சொன்னதுக்காக நான் பெட்டியக் கட்டல.

— பின்ன?

— பெட்டி வந்த மறுநாளு பைப்படியிலருந்து குடத்தத் தூக்கிட்டு வாரேன். இந்த ஆறு வருசமா சந்து மொனையில திரும்பும்போதே உங்க சத்தம் கேக்கும். ஏளா, லைட்டு. ஏளா, ஃபேனு. எரிச்சலா வரும். ஜீன்ஸுக்கு நூல் வெட்டிக்கிட்டு இருக்கும்போது பாதியில எந்திக்கணும், ஒல கொதிக்கும்போது ஓடி வரணும். செத்த நேரம் உசுர வாங்காம இரியளான்னு நானே கத்திருக்கேன்.

— கத்திருக்க.

— ஆனா அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் குடம் கனக்காது. அன்னைக்குச் சத்தமே இல்ல. தண்ணி பாதி சிந்த ஓடி வந்தேன். வந்து பாத்தா லைட்டு எரியுது, ஃபேனு ஓடுது, நீங்க அவகிட்டப் பேசிக்கிட்டு இருக்கிய. நான் கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு வெளியவே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். நீங்க கூப்பிடவே இல்ல.

— நீ நின்னது எனக்குத் தெரியாதுளா. சத்தியமாத் தெரியாது.

— இனிமே என்னக் கூப்பிட உங்களுக்கு என்ன இருக்கு? எல்லாத்துக்கும் அவ இருக்கா. நான் சோறு ஊட்டுதவ, துணி மாத்துதவ. நாளைக்கு அதுக்கும் ஒரு பெட்டி வந்துரும். அப்பம் எனக்கு இந்த வீட்டுல என்ன வேல?

— உக்காரு.

— அண்ணன் வர நேரமாச்சு.

— வரட்டும். டப்பாவக் கீழ வச்சிட்டு இப்பிடிக் கட்டில்ல உக்காருளா. நாப்பது தடவன்னு எண்ணி வச்சிருக்க. நான் கூப்பிடாம முழுங்குனத யாராவது எண்ணுனியளா?

— என்னத்த முழுங்குனிய?

— போன மே மாசம். மத்தியானம் கரண்டு போச்சு. நீ சுவிட்ச அமத்திட்டுத் தரையில சாஞ்ச. கையில கத்திரியோட அப்பிடியே அசந்துட்ட. மூணு மணிக்குக் கரண்டு வந்துட்டு, பக்கத்து வீட்டு ஃபேனு ஓடுத சத்தம் கேக்குது. எனக்கு வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது. மூக்கு மேல ஒரு ஈ. அது பாட்டுக்கு மேல ஏறுது, கீழ எறங்குது. ஏளான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. முந்தின நாளு நூத்தம்பது பேண்ட்டுக்கு நூல் வெட்டுனவ, தூங்கட்டும்னு முழுங்கிட்டேன். அஞ்சு மணி வரைக்கும் அந்த ஈயோடதான் குடும்பம் நடத்துனேன்.

— அட கூறுகெட்ட மனுசா! எழுப்பிருக்கலாம்லா?

— நீ வெட்டுன துணியக் கொண்டு குடுக்கப் போனா வர எட்டு மணி ஆயிருது. ஆறே முக்காலுக்கே கோலிக்குள்ள இருட்டு. வாசல்ல ஆளுக போறாக, வாராக. லைட்டு எரியாததப் பாத்து, உறங்குதான்னு நெனச்சிட்டு எட்டிக்கூடப் பாக்க மாட்டாக. நான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன். நீ வந்து சுவிட்ச தட்டுவ பாரு, அந்தச் சத்தத்துக்காக.

— இத ஏன் எங்கிட்ட சொல்லல?

— இன்னும் கேளு. மூத்திர டியூப்பு பை சீக்கிரம் ரொம்புனா உன்னத்தான கூப்பிடணும்? அதனால தண்ணியக் கொறச்சேன். நீ குடுக்கும்போது தாகம் இல்லன்னுவேன்.

— ஐயோ! அதாம் மூத்திரத்துல ரத்தம் வந்துச்சா? வீட்டுக்காரருக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டியாம்மான்னு அந்த டாக்டரு அத்தன பேரு முன்னால என்னத் திட்டுனாரே! நீங்க வாயத் தொறக்காமக் கெடந்தியளே!

— தப்புத்தான். அன்னைக்கு உம் முகத்தப் பாக்க முடியாம செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கழுத்து திரும்புதது அந்த ஒரு நாளு எனக்கு ஒதவுச்சு.

— பேசாதிய. எனக்கு ஆத்திரமா வருது.

— இத மட்டும் கேட்டுட்டு ஆத்திரப்படு. ஆறு வருசமா உன்ன நான் கூப்பிட்டதெல்லாம் வேலைக்குத்தான். ஒரு நாளு கூட வேற எதுக்கும் கூப்பிடல. நீ பக்கத்துல வந்தா எதையாவது எடுப்ப, மாத்துவ, தொடைப்ப, போயிருவ. இந்தப் பெட்டி வந்த ஆறு நாளாத்தான் நீ ஒரு எடத்துல உக்காந்திருக்கத நான் பாக்கேன். நேத்து சாயங்காலம் வாசல்ல உக்காந்து தல சீவுன. ஃபேனு காத்துல உன் முடி பறந்துது. நான் படுத்துக்கிட்டே பாத்தேன். காதோரம் நரச்சிருக்கு. எப்பம் நரச்சுதுன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்டாட்டிய நான் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமாளா? உன்ன ஒருக்க, எனக்கு ஒண்ணுமே தேவையில்லாம, வெறுமனே கூப்பிடணும்னு ஆசையா இருக்கு. அந்த ஆசைக்குத்தான் இந்தப் பெட்டி. லைட்டுக்கு இல்ல. ஏதாவது சொல்லு.

— மச்சான்! தங்கச்சி! உள்ள வரலாமா? ஹனீப் வந்திருக்கேன்.

— வாங்கண்ணே.

— டப்பா ரெடியா? சலோ, குடு. எட்டு மணிக்கு அவன் சட்டர எறக்கிருவான். என்ன மச்சான், இருட்டுக்குள்ள ரெண்டு பேரும் என்ன செய்யுதிய? இந்த வீட்டுல லைட்டப் போட ஆளில்லயா? தங்கச்சி, அழுதியா?

— இல்லண்ணே. வெங்காயம் உரிச்சேன்.

— இருட்டுல வெங்காயமா?

— அண்ணே, இந்த ஒயர எங்கன சொருகணும்?

— எந்த ஒயரு?

— இதத்தான். நான் கோவத்துல அமுக்கி வச்சிட்டேன், நடுவுல மடங்கிருக்கு. கெட்டுப்போயிருக்குமோ?

— அரே, அப்பம் திருப்பிக் குடுக்க வேண்டாமா? வேலையப் பாதியில விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன் தங்கச்சி!

— டீ போடுதேன். குடிச்சிட்டுப் போங்க.

— மச்சான், என்ன நடக்கு இங்க?

— எனக்கு என்ன தெரியும்? அவ கேக்கதுக்குப் பதிலச் சொல்லு வே.

— ஒயரு நல்லாத்தான் இருக்கு. இந்தா, சொருகியாச்சு. நீல வெளிச்சம் வருது பாரு. தங்கச்சி, நீயே சொல்லு. பேரச் சொல்லிட்டுச் சொல்லணும்.

— நானா? எனக்கு வெக்கமா இருக்கு. ரோஷ்னி... ஏ ரோஷ்னி, பத்தி சாலு கரோ.

— டீக் ஹை.

— எரிஞ்சிட்டு! பதிலு வேற சொல்லுதா, மருவாதியா!

— பாத்தியா, எங்கிட்ட பேசுதத விட உங்கிட்ட நல்லாப் பேசுதா.

— ஃபேனுக்கும் சொல்லட்டுமா? ரோஷ்னி, பங்கா சாலு கரோ. இவுகளுக்கு வேர்க்கு.

— டீக் ஹை.

— அண்ணே, வாசல்ல ஏஞ்சலக்கா எட்டிப் பாக்கா. அக்கா! ஆமாக்கா, ஆர்டர்தான் போடுதோம்! நாளைக்கு உங்களையும் போட வைக்கேன், வாங்க!

— போதும், நான் கெளம்புதேன். டீயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பேச்சுல உக்காந்து கடைசி பஸ்ஸ விட்டா உங்க மாளாவுல, அந்தப் பரணுலதான் படுக்கணும். மச்சான், வாரேன். இனிமே என்னக் கூப்பிடணும்னா ரோஷ்னிகிட்ட சொல்லி வை, போன் போடுவா.

— போயிட்டு வா வே.

— பாத்துப் போங்கண்ணே.

— போயிட்டான். நல்ல மனுசன்.

— ம். ஒல வைக்கேன். நேரமாச்சு.

— பூமாரி.

— ...

— பூமாரி.

— ...

— ஏ பூமாரி! இங்கனதான நிக்க? அடுப்பக்கூடப் பத்த வைக்காம சட்டியவே பாத்துக்கிட்டு நிக்க. லைட்டு எரியுது, ஃபேனு ஓடுது, எனக்கு ஒண்ணும் வேண்டாம். சும்மாதான் கூப்பிட்டேன். மூணு தடவ கூப்பிட்டாச்சு, காது கேக்கலையாளா?

— கேட்டுச்சு. அன்னைக்குத் தாதர்லயும் மொதத் தடவையே கேட்டுச்சு.