மெயினில் போட்ட பூட்டு

என் பெயர் இருளம்மாள், வயது 41, க/பெ சின்னக்கருப்பு, கூடலூர் காளியம்மன் கோவில் தெரு. ஊருக்கு வெளியே உள்ள திராட்சைச் சாறு கம்பெனியில் பாட்டில் நிரப்பும் மிஷினில் வேலை பார்க்கிறேன். இறந்துபோன அஸ்லம் அங்கே எலக்ட்ரீசியன். ராஜாங்கம் எங்கள் மேனேஜர்.

சம்பவத்தன்று காலை நான் வேலைக்குப் போனபோது, முந்தின நாள் இடியில் ஐசோலேட்டர் எரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அது பாய்லரிலிருந்து வரும் சிக்னலை, வெளிக் கரண்ட் கலந்துவிடாமல் பிரித்து பேனலுக்குக் கொடுக்கும் சிறிய பெட்டி. பழைய பெட்டி 230 வோல்ட்டில் ஓடியது, புதிதாக வந்தது 24 வோல்ட் என்பதால் தனியாகப் பவர் சப்ளை மாட்ட வேண்டும், மெயினை நிறுத்தித்தான் மாட்ட முடியும் என்று அஸ்லம் மேனேஜரிடம் சொன்னார். அதற்கு மேனேஜர், "நிறுத்துனா அம்புட்டுப் பழமும் புளிச்சுப் போகும். லைனோட மாட்டு" என்றார். அஸ்லம், "கை வைக்கிறது நான்தான சார்" என்று சொல்லிவிட்டு மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்து, பழம் கழுவிய தண்ணீர் கிடந்த தரையில் மண்டியிட்டு, பேனலுக்குள் கையை விட்டு வேலை செய்தார்.

அதன் பிறகு மேனேஜர் வந்து பூட்டைப் பார்த்தார். "ஏங் கம்பெனியில எனக்கே பூட்டாடா?" என்று ஸ்பேனரால் அடித்து உடைத்தார். நான் ஓடிப்போய், "சார், அவுக கை உள்ள இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு துள்ளு துள்ளட்டும். அப்பத்தான் வெரசா முடிப்பான்" என்று மெயினைப் போட்டார்.

அஸ்லம் சத்தம் போடவில்லை. பேனல் கதவு மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் மெயினை நிறுத்தியதும் அவர் மல்லாந்து விழுந்தார். ஆம்புலன்சைக் கூப்பிட நான் எடுத்த போனை மேனேஜர் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு பேனலுக்குள் குனிந்து, அஸ்லம் மாட்டியிருந்த புதுப் பெட்டி எரிந்துவிட்டதா என்று பார்த்தார். அது எரியவில்லை. உடைந்த பூட்டைப் பாய்லர் அடுப்பில் போட்டார். "அவனா லைன்ல கைய வச்சான்னு சொல்லணும்" என்றார்.

அந்த நேரத்தில் அஸ்லமுக்கு அவர் மனைவி சல்மாவிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் அதை என் காதில் வைத்து, வேலையாக இருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். பயத்தில் அப்படியே சொன்னேன். சல்மா, "வரையில பால் வாங்கியாரச் சொல்லுங்கக்கா" என்றார். அதன் பிறகு மேனேஜர் மெயினைப் போட்டு மிஷினை ஓட்டச் சொன்னார். நானும் கூட வேலை பார்ப்பவர்களும் அஸ்லமைச் சுற்றிப்போய்ப் பாட்டில் அடுக்கினோம். வைத்திருந்த பழம் முழுதும் முடிந்த பிறகுதான் அவரைப் பழ வண்டியில் ஏற்றிக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் சல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போன் பேசையில அவுக உசுரோட இருந்தாகளாக்கா?" என்று கேட்டார். நான், "இல்லத்தா" என்றேன். அது பொய். அப்போது அஸ்லமின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதைச் சல்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) இருளம்மாள்