பத்து வெண்கலத்தைச் சூட்டோடு கொண்டுவந்து சேர்த்த எங்கள் ஸ்டோர் அக்காவுக்கு

கையுறைகளைக் கண்ணெனக் காத்தவரே! கயிறும் கம்பமும் கழன்றுவிடாமல் கருத்தாய்ப் பார்த்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு குத்தும் விடாமல், ஒரு குத்தும் வாங்காமல், குத்துச்சண்டைக் கழகத்தைத் தோளில் தாங்கிய பண்டகக் காப்பாளரே! சாவிக்கொத்தின் சத்தத்தாலேயே சோம்பேறிகளைச் சுறுசுறுப்பாக்கிய சாமர்த்தியசாலியே! இன்று பணி ஓய்வு பெறும், எங்கள் அனைவரின் அன்புக்குரிய ஸ்டோர் அக்காவே! வணக்கம், வாழ்க, தயவுசெய்து கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

தங்கள் பொறுமையைப் போற்ற நினைத்தோம். அதற்குத் தங்களுக்கே பொறுமை இராது என்பது நினைவுக்கு வந்தது. யாராவது புகழத் தொடங்கினால், "சரி சரி, சாப்பாடு ஆறிப்போகுது" என்று எழுந்துவிடும் ஆள் தாங்கள். முன்னிலையில் புகழ்ந்தால்தானே தடுப்பீர்கள்? ஆகவே படர்க்கையில் சொல்கிறோம். ஓர் ஊரில் ஓர் அக்கா இருந்தார். யாரோ எவரோ என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த அக்காவின் அரங்குக்குப் பெண்களுக்கான சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டி வந்தது. இருபத்திரண்டு நாடுகள், பத்து எடைப் பிரிவுகள், ஆறு நாள். பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஸ்டோர் அறையில் அக்காவுக்கு நிற்க நேரமில்லை, உட்கார நாற்காலியில்லை. தலைக்கவசத்துக்கு வருகிறவர், கையில் சுற்றும் துணிப்பட்டைக்கு வருகிறவர், ஒன்றுமே வேண்டாமல் மின்விசிறிக்கு அடியில் நிற்க வருகிறவர் என்று வாசலில் எப்போதும் கூட்டம்.

இறுதி நாளன்று காலையில்தான் பட்டறையிலிருந்து பதக்கப் பெட்டி வந்தது. பகல் ஒரு மணிக்கு அக்கா அதைத் திறந்தார். தங்கம் பத்து. வெள்ளி பத்து. வெண்கலம் பத்து. மறுபடி எண்ணினார். அடியில் விரித்திருந்த தாளையும் தூக்கிப் பார்த்தார். 

மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் இடம் ஒருவருக்குத்தான். குத்துச்சண்டையில் அப்படியில்லை. அரையிறுதியில் அடிபட்டுத் தோற்ற இருவரை மறுபடி மோதவிடும் கொடுமை இங்கே கிடையாது. இருவருக்குமே வெண்கலம் உண்டு. பத்துப் பிரிவுக்கு இருபது வெண்கலம் வேண்டும். பட்டறைக்கு ஆர்டர் எழுதியவரோ தடகளக் கழகத்திலிருந்து புதிதாக வந்தவர்; ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகிய கை அது.

அன்றைய செயலாளரிடம் அக்கா ஓடினார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"ஒரு பொண்ணுக்குப் பதக்கம் போடுவோம். இன்னொரு பொண்ணு கையில மூடின பெட்டியக் குடுத்துடுவோம். பதக்கத்த அப்புறமா தபால்ல அனுப்பிக்கலாம். மேடையில யாரு திறந்து பாக்கப் போறா?"

"முகம் கிழிஞ்சு தையல் போட்டுட்டு நிக்கற பொண்ணுக்குக் காலிப் பெட்டியா சார்? என் கையால அதக் குடுக்க மாட்டேன்."

"அப்ப நீங்களே பாத்துக்கங்க. ஒரு பதக்கம் குறைஞ்சாலும் இருபத்திரண்டு நாட்டுக்கு முன்னாடி கெடப்போறது உங்க ஸ்டோர் பேருதான்."

அக்கா பட்டறைக்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, அந்த அச்சு இன்னும் இருக்கா?"

"அச்சு இருக்கும்மா. ஆளுங்கதான் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

"நீங்க இருக்கீங்கல்ல?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அச்சடிக்கணும், முலாம் போடணும், மேல்பூச்சு பூசிச் சூட்டுல காய வைக்கணும். தலைகீழா நின்னாலும் ஆறரைக்கு முன்னாடி அங்க வந்து சேராது."

அக்கா விரல்விட்டு எண்ணினார். ஒவ்வோர் இறுதிச் சண்டையும் முடிந்த கையோடு பதக்கம் போட்டாக வேண்டும். கையிலிருக்கும் பத்து வெண்கலம் முதல் ஐந்து பிரிவுக்குக் காணும். நாலு மணிக்குத் தொடங்கி எல்லாச் சண்டையும் மூன்று சுற்றும் முழுசாக நடந்தால் ஆறாவது பிரிவு மேடையேற எப்படியும் ஆறரை ஆகிவிடும். கழக வேனைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, உலகத்தில் எந்தக் குத்துச்சண்டை ரசிகரும் வேண்டாத ஒன்றை வேண்டிக்கொண்டார். இன்றைக்கு யாரும் யாரையும் சீக்கிரம் வீழ்த்திவிடக் கூடாது.

இரண்டாவது சண்டை ஒரே நிமிடத்தில் முடிந்தது. வாங்கிய குத்தில் எதிராளி உட்கார்ந்தவள் எழவில்லை. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்க, "அடிப்பாவி!" என்று அக்கா தலையில் கைவைத்தார். நாலாவது சண்டையை மருத்துவர் பாதியில் நிறுத்தினார். இருபது நிமிடம் பறிபோனது.

ஐந்தாவதில் நம் நாட்டுப் பெண். இரண்டாம் சுற்றில் அவள் விட்ட குத்தில் எதிராளி மல்லாந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். கூரை பறக்கும்படி கூச்சல். அதற்கு நடுவே ஒரே ஒரு குரல் மட்டும், "எழுந்திரும்மா! கண்ணு, எழுந்திரு! உன்னால முடியும்!" என்று கதறியது. அது நம் அக்காவின் குரல். கழகத் தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையை அங்கே இருந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. எட்டு எண்ணும்போது அந்தப் பெண் எழுந்துவிட்டாள். சண்டை கடைசி மணி வரை நடந்து, நம் பெண் புள்ளிகளில் வென்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்கா கைதட்டினார்.

ஆறாவது சண்டை முடிந்தபோது மணி ஆறு பத்து. வேனைக் காணோம். தட்டில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் மட்டும் இருந்தன.

"சார், நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளரை அக்கா தள்ளிவிட்டார். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடமாட்டார் என்பது ஊரறிந்த சேதி. நீட்டிப் பேச வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், மனிதருக்கு நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோய் வியர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

அக்கா தரை துடைப்பானை எடுத்தார். "ரிங்ல தண்ணி சிந்தியிருக்கு, வழுக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே கயிற்றுக்குள் நுழைந்தார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. விழாவுக்கென்று உடுத்திய புதுத்துணியோடு, அத்தனை விளக்கு வெளிச்சத்தில், காய்ந்து கிடந்த தரையை மூலை மூலையாகத் துடைத்தார். முடிந்ததும் முதல் மூலையிலிருந்து மறுபடி தொடங்கினார். ஒரு வார்த்தையும் புரியாத வெளிநாட்டு ரசிகர்கள் தாளம்போட்டுக் கைதட்டினார்கள். ஒவ்வொரு மூலையிலும் அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தது எதற்கு என்று எங்களுக்கு மட்டும் தெரிந்தது.

ஆறு இருபத்தைந்துக்கு வேன் வந்தது. பட்டறைக்காரர் நிஜமாகவே தலைகீழாக நின்றாரோ என்னவோ, சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்து அனுப்பியிருந்தார். ஓடுகிற ஓட்டத்திலேயே நாடாவைக் கோர்த்தோம்.

பரிசு மேடையில் புருவத்தில் நாலு தையலோடு நின்ற பெண்ணின் கழுத்தில் பதக்கம் ஏறியது. தொட்டவள் திடுக்கிட்டாள், பூச்சைக் காயவைத்த சூடு அதில் இன்னும் ஆறவில்லை. பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்து, ஒத்தடம் கொடுப்பதுபோல் வீங்கிய கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்தாள். மேடைக்குக் கீழே அக்கா, "அப்பாடா!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மாலை இருபது வெண்கலமும் இருபது கழுத்தில் ஏறின.

மறுநாள் செயலாளர் ஸ்டோருக்கு வந்து, அந்த ஆர்டரை எழுதியது யார், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார். "பதக்கம் வந்துச்சு, கழுத்துல ஏறுச்சு. வராத பதக்கத்துக்குத்தான் சார் ஆள் தேடணும்" என்று சொல்லிவிட்டு அக்கா கையுறைகளை எண்ணப் போனார். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரையும் கேட்கவில்லை.

இதுவரை வாசித்தது ஊழியர்கள் எல்லோரும் கூடி எழுதியது. இனி வருவது, அவர்கள் அனுமதியோடு, வாசிப்பவன் சேர்த்தது. அச்சேறிக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் போய்விட்டது, இனி அழிக்க முடியாது. அக்கா, 'வெண்கலம் பத்து' என்று எழுதியது நான்தான். வேலை நிரந்தரமாக அப்போது எனக்கு மூன்று நாள் பாக்கி. அன்று என் பெயர் வெளியே வந்திருந்தால் இன்று இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றிருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியாமலே பதினோரு வருடம் உங்கள் வாசலில் பேனாவுக்கும் காகிதத்துக்கும் வந்து நின்றிருக்கிறேன். நீங்கள் ஒரு நாளும் முகம் மாறவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பெருமைக்குரிய அக்கா! தாங்கள் கண்ணும் காதும் தெளிவாய், கையும் காலும் வலுவாய், எண்ண வேண்டியது எதுவுமில்லாத காலைகளில் நிதானமாய்க் கண்விழித்து, சாவிக்கொத்தின் கனமின்றி, சந்தோஷத்தின் நிறைவோடு நூறாண்டு வாழ்க! பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் சொல்லுக்கு, எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, கட்டுப்பட்டு நடக்கட்டும்!

மேடையை விட்டு இறங்கியதும், அக்கா, என்னை ஒரு திட்டுத் திட்டிவிடுங்கள். அதற்கப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

தங்கள் அன்பு மறவா,
குத்துச்சண்டைக் கழக ஊழியர்கள் அனைவரும்,
அவர்களுள் இன்று மூச்சு விட்ட ஒருவனும்.