அம்மாவின் கழுத்தளவு

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எப்போதும் அம்மாவுக்குத்தான் விடுவேன், மேடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் குறைவாகப் பேசுவாள்.

இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் நின்றவள். அந்த மிஷின் இரைச்சலில், பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்பதற்கே கத்த வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "என் பொண்ணு டிசைன் படிக்குது" என்று கண்டக்டர் வரை கேட்கிற மாதிரி சொல்வாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அந்தப் பார்வைமேல் எனக்கு இருந்த ஆத்திரம் உண்மை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் கழுத்துப்பட்டியைச் செய்தேன். போட்டிருப்பவர் குரல் உயர்ந்தால் இறுக்கும், தணிந்தால் தளரும். பொது இடத்தில் நாகரிகம் என்று நீங்கள் கேட்பது இதைத்தானே என்று அப்படி முறைப்பவர்களைக் குத்திக்காட்டத்தான்.

அம்மாவுக்கு மாட்டினேன்.

"ஏன்டி, கல்யாணத்துக்கே எனக்கு யாரும் இவ்ளோ பெரிய நகை போடலையே."

"பத்து நாள் போட்டிரும்மா. மார்க்குக்கு."

"மார்க்குக்குன்னா மாட்டு மணியே கட்டிக்கிறேன்டி." சிரித்தாள். பட்டி இறுக்கியது. இருமினாள்.

மூன்றாம் நாளே கிசுகிசுக்கப் பழகிவிட்டாள். ஏழாம் நாள் பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்தாம் நாள், "கழட்டிடலாமாடி?" என்று காதோரம் கேட்டாள். கண்காட்சி முடியட்டும் என்றேன்.

கண்காட்சியில் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். நடுவர்களிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தாள். கூப்பிட வாய் திறந்தாள். பட்டி இறுக்கியது, மூடிக்கொண்டாள். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடமே போகாதவள். அதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. பட்டியின் பூட்டைத் திறக்கும் பொத்தான் என் கையில் இருந்த போனில் இருந்தது. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, சொல்ல வந்த வாக்கியத்தை முடித்தேன். அடுத்ததையும்.

எவ்வளவு சத்தத்துக்கு இறுக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டீர்கள். முப்பது பேர் குரலை அளந்ததாக என் ப்ராஜெக்ட் அறிக்கையில் இருக்கும். பொய். அளந்தது ஒருத்தி குரலைத்தான். அதற்குக் கீழே வைத்தேன். சுற்றளவும் அந்த ஒரு கழுத்துக்குத்தான்.

ஆனாலும் கொன்றேன் என்று எழுதாதீர்கள், மேடம். ஒரே ஒரு தடவை பழையபடி கத்தியிருந்தால் போதும், நான் ஓடிப்போயிருப்பேன்.