நடு ராக்கெட்

எங்கள் வீட்டில் யாரும் சொன்ன விலைக்கு ஒரு செருப்புகூட வாங்கியதில்லை. அப்பா பல் டாக்டரிடமே பேரம் பேசுவார். அப்படி வளர்ந்தவன் போயும் போயும் கிரகணத்திடம் மாட்டிக்கொண்டேன். அது ஒரே விலைக் கடை. இந்த நேரத்துக்கு மறைப்பேன், இந்த நேரத்துக்கு விலகுவேன், இஷ்டமிருந்தால் வா.

வெயில் சட்டென்று நின்றுபோனால் மேல் வளிமண்டலத்தில் மின்துகள்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளப்பது எங்கள் வேலை. மறைவதற்கு முன் ஒரு ராக்கெட், முழு இருட்டில் ஒன்று, வெளிச்சம் திரும்பியபின் ஒன்று. நடு ராக்கெட் போகாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் வாணவேடிக்கை. அந்த இருட்டு இதே இடத்துக்கு மறுபடி வருவதற்குள் என் பேரனே கிழவனாகிவிடுவான்.

முதல் ராக்கெட் ஒழுங்காகப் போயிற்று. நடு ராக்கெட்டுக்குத் தரையிலிருந்து போகும் வடத்தின் ப்ளக் தளர்ந்து, அங்கும் என் மேசையிலும் விளக்கு சிவப்பிலேயே நின்றது. சரிசெய்யப் போனவர் என் அக்கா வீட்டுக்காரர். ஏவுதளத்துக்குப் போகிறவர் என் மேசைச் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். சாவியில்லாமல் ஏவும் பொத்தான் வேலை செய்யாது. நல்ல விதி. நான்தான் எழுதினேன்.

அங்கிருந்து போனில் பேசினார்.

"மாப்ளே, அழுத்திப் பிடிச்சா பச்சை வருது, கையெடுத்தா போயிடுது. எந்தச் சந்தையில பொறுக்குனாங்க இந்த ப்ளக்கை?"

"வாங்கினது நான்தான் மச்சான். பாதி விலைக்கு."

"அதானே பார்த்தேன். சீக்கிரம் ஒரு கிளிப் குடுத்தனுப்பு. இருட்டிக்கிட்டு வருது."

"அனுப்புறேன். அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருங்க. பயமா இருக்கா?"

"சாவிதான் என் பையில இருக்கே. உங்கக்கா பக்கத்துலயே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், இந்த ராக்கெட்டா என்னை ஏதும் பண்ணிடப் போகுது?"

கிளிப் தேடி இழுப்பறையைத் திறந்தேன். கிளிப் இல்லை. மாற்றுச் சாவி இருந்தது.

வெளியே இருட்டு விழுந்தது. பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அவர் கை உறுதியான கை, அதில் குறை சொல்ல முடியாது. அறையில் இருந்தவர்களிடம், "மச்சான் திரும்பிட்டார்" என்றேன். நம்பினார்கள். சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன்.

அளவுகள் அருமையாக வந்திருக்கின்றன. அக்காதான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

'ஓடிவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பாரே, ஐயா.