நேராகப் பார்த்தால் மறையும் முகம்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை. இளையவள் மடியில் கைக்குழந்தை.

“நேரா பாத்தா எம் பொண்ணு மூஞ்சி தெரியலக்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“நான் வேலை செய்ற பார்லர்ல முடி எடுக்கிற லேசர் கண்ணுல பட்டுடுச்சி. ரெண்டு கண்ணுலயும் நடுவுல கறுப்புப் பொட்டு மாதிரி நிக்குது.”

“அதுக்குன்னு கண்ணாடி குடுப்பாங்களே?”

“குடுத்தாங்க. பச்சைக் கண்ணாடி. அதுல பூனைமுடி தெரியாதுக்கா. வந்தது கல்யாணப் பொண்ணு, ஒரு முடி விட்டாலும் பேஜார் பண்ணும். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிட்டுப் பாத்தேன். அவ மூக்குத்தியைக் கழட்டச் சொல்லவும் மறந்துட்டேன். லேசர் அதுல பட்டு என் கண்ணுக்கே திரும்பிடுச்சி.”

“எங்க கம்பெனியில கண்ணாடி போடலன்னா சூப்பர்வைசர் கத்துவான். உனக்குக் கத்தக்கூட ஆளில்லியா? டாக்டர் இன்னா சொன்னாரு?”

“பொட்டு போவுமான்னு கேட்டேன். பாக்கலாம்னாரு. இவளுக்குப் பல்லு வந்திருக்காம். தெருவே பாத்துடுச்சி. நான் இன்னும் நல்லாப் பாக்கல.”

“தோ, சிரிக்கிறா பாருடி!”

இளையவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் மகளைத் தேடினாள்.

“தெரியுதுக்கா. ரெண்டு பல்லு.”

குழந்தை எம்பி, இரண்டு கையாலும் அம்மாவின் தாடையைப் பிடித்து, தன் பக்கம் நேராகத் திருப்பிவிட்டது.