வேறொரு விஜிக்கு வந்த அறிக்கை

மின்னஞ்சல் வந்து ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் விஜி அண்ணனை அழைத்தாள். மட்டாஞ்சேரிக்குப் போகும் பஸ் தோப்பும்படி பாலத்தில் நகராமல் நின்றது.

“ஹலோ... ஹலோ அண்ணே, விஜி பேசுதேன்... ஆமா, ஆமா, வந்துக்கிட்டுதான் இருக்கேன். அங்க என்ன சத்தம்?... யாரைக் கட்டி வச்சிருக்கீங்க?... சிஜு சேட்டனையா! ஐயோ, அடிக்காதண்ணே. நான் சொல்லுததைக் கேளு.”

அடி விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஈரச் சாக்கைத் தரையில் அறைவது போல. அண்ணன் இசக்கிதுரை மிளகு குடோனில் மூட்டை தூக்குகிறவன். அந்தக் கை எப்படி இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முந்தாநாள் அவன் மனைவி பொன்மணி, வீட்டில் தனியாகச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தே செத்துப்போனாள். மீன் கெடாமலிருக்க மருந்து அடித்துவிட்டான் என்று தெருவே மீன்கார சிஜுவைத் தேடிக்கொண்டிருந்தது.

“இல்ல, மீன்ல ஒண்ணும் இல்ல. மிச்சச் சோத்தையும் குழம்பையும் போலீஸ் சோதனைக்கு எடுத்துட்டுப் போச்சுல்லா, அந்த ரிசல்ட் வந்துட்டு... எனக்குத்தான்... எர்ணாகுளத்துல ஒரு லேப்புக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன்லா? அங்க டாக்டர் விஜின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்குப் போக வேண்டிய மெயில் எனக்கு வந்துட்டு... மதினி பேரு, நம்ம விலாசம், எல்லாம் இருக்கு... ஆமா, காலையில ஏழு மணிக்கே படிச்சேன்... திட்டு. எவ்வளவு வேணா திட்டு. அவரை அவுத்து விடு.”

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘ஆளிறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போகிறவள் அவள்.

“விஷம் சோத்துல இருந்திருக்கு... அவரு எப்படிண்ணே கலப்பாரு? வாசல்ல நின்னு மீனைக் குடுத்துட்டுப் போறவரு... பிறகு யாரா?... அண்ணே, நீ மட்டும் தனியா வா. ஸ்பீக்கரை அணை... அணைண்ணே! எல்லாருக்கும் கேக்க வேண்டாம்... ஐயோ, அவரு வாயில ரத்தமா? முப்பிடாதி அண்ணாச்சி, நீங்களாவது பிடிங்க!... கம்பி எதுக்கு? கீழ போடுண்ணே... தலையில வேண்டாம். தலையில வேண்டாம்ணே!”

மறுமுனையில் ஓர் அலறல் பாதியில் அறுந்தது. விஜி இருக்கையை விட்டு எழுந்து நின்றாள்.

“நிறுத்து! சொல்லுதேன், சொல்லுதேன்... உசுரோட இருக்காரா? மூச்சு வருதா பாருங்க... ஆமாண்ணே, தெரியும். யாருன்னு தெரியும். நீ ஏதாவது செஞ்சுக்குவியோன்னுதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல... கம்பியைப் போட்டியா?... கேளு. அரிசியில வண்டு விழுதுன்னு, குடோன்ல மூட்டைக்கு வைக்கிற பூச்சி மாத்திரையைக் கொண்டாந்து அரிசி டிரம்முக்குள்ள போட்டியே, அதுதான் சோத்தோட வெந்திருக்கு. மதினியைக் கொன்னது நீதாண்ணே.”