வெளியே காத்திருப்பவர்களின் டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களே, நாடகக் குழு நண்பர்களே, தச்சுப் பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் பிள்ளைகளுடன் அமர்ந்திருக்கும், நம் பெரிய டாக்டரின் துணைவியாரான அண்ணி அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன். பேசியே ஆட்களைத் தூங்க வைத்துப் பழக்கமில்லை. அதற்கு என்னிடம் ஊசி இருக்கிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தைப் பாருங்கள். ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு இத்தனை வகை மனிதர்களா? நம் பெரிய டாக்டர் எதைத்தான் விட்டுவைத்தார்! நாற்காலி செய்தார். நட்சத்திரம் பார்த்தார். புல்லாங்குழல் வாசித்தார், அதை மட்டும் விட்டிருக்கலாம். நாடகத்தில் எப்போதும் அவருக்குத் திருடன் வேடம். ஒருமுறை, அவரிடம் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாள் ஒருவர் நாடகம் பார்க்க வந்தவர், எழுந்தே விட்டார். "ஐயய்யோ, இவர் கையிலயா என் வயித்தக் குடுத்தேன்!" என்று கத்தினார். திருடனுக்குச் சிரிப்பில் வசனம் மறந்துபோயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நல்ல சேதியை யார் வேண்டுமானாலும் வெளியே போய்ச் சொல்லலாம் என்பார் அவர். ஓர் உயிர் எங்கள் கையை மீறிப் போனால்? பெரிய டாக்டர்தான் போவார். கையுறையைக் கழற்றுவார், முகம் கழுவுவார், போவார். நின்றபடி சொல்ல மாட்டார். காத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். மழுப்ப மாட்டார். திட்டு வாங்கியிருக்கிறார். சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறையும் அவரேதான் போனார்.

சென்ற வாரம் அவரே நோயாளியாக ஆபரேஷன் மேசைக்கு வந்தார். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவரிடம் படித்த பெண் டாக்டர் கத்தியை எடுத்தார். நான் தலைமாட்டில் நின்றேன்.

"என்னய்யா, வியாழக்கிழமை ஒத்திகை இருக்கு. அதுக்குள்ள எழுப்பி விட்டுருவியா?" என்றார் அண்ணன், நான் ஊசி போடும் முன்.

"எழுப்பிடுறேண்ணே" என்றேன்.

முடியவில்லை, நண்பர்களே! எங்களால் முடியவில்லை!

வெளியே அண்ணி. போய்ச் சொல்ல வேண்டிய மனிதரோ மேசையில். யார் போவது? நான் போனேன். அவர் எதிரே போய் நின்றேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க தம்பி" என்றார்.

உட்கார்ந்தேன். "அண்ணன் போயிட்டார் அண்ணி" என்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்கு வலிச்சுதா?"

இத்தனை ஆண்டுகளாக எத்தனை தாய், எத்தனை பிள்ளை, எத்தனை மனைவி இதைக் கேட்டிருப்பார்கள்! பெரிய டாக்டர் பதில் சொல்லியிருப்பார். ஆனால், வலித்ததா என்று யாருக்குத் தெரியும்? தலைமாட்டில் கடைசிவரை இருந்தவனுக்குத்தான் தெரியும்.

"தூங்கினதுக்கு அப்புறம் துளிகூட வலி தெரியல அண்ணி. நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த அவையின் முன் சொல்கிறேன். அண்ணனின் கத்தியை அவரிடம் படித்தவர்கள் ஏந்துவார்கள். வெளியே போய்ச் சொல்லும் வேலை இனி என்னுடையது. இளைய மருத்துவர்களே, அப்படி நான் போகும்போது உங்களில் ஒருவராவது கூட வந்து உட்காருங்கள். எனக்குப் பிறகும் வெளியே காத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.